மறைந்திருந்து கொல்லும் மெத்தனால்



தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்குக் கிழக்கே கல்வராயன் மலைத்தொடர் தெரியும். அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு சமவெளியில் இறங்கிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓடுகிறது. நெல், கரும்பு, மரவள்ளி விளையும் பூமி அது. விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. கள்ளக்குறிச்சி நகரத்தோடு சேர்ந்த ஒரு சிறு குடியிருப்புதான் கருணாபுரம். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மூட்டை தூக்குதல், வர்ணம் அடித்தல் போன்ற அன்றாடக் கூலி வேலை செய்பவர்கள்.

2024ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. கருணாபுரத்தில் விற்ற கள்ளச்சாராயத்தைப் பலர் குடித்தனர். மறுநாள் ஒவ்வொருவராக வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். அருகிலுள்ள மாதவச்சேரி, சேஷசமுத்திரம் முதலிய ஊர்களிலிருந்தும் வந்தனர். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இடம் போதாமல் சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளுக்குப் பலர் அனுப்பப்பட்டனர். இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அறுபத்தைந்து பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் பெண்களும் உண்டு. சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். நஞ்சைக் குடித்தவர் உடனே விழுந்திருந்தால், பக்கத்தில் இருந்தவர் குடித்திருப்பாரா? முதல் ஆள் துடித்ததுமே தெரு முழுவதும் எச்சரிக்கை அடைந்திருக்காதா? பிறகு எப்படி இருநூறு பேர் குடித்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வது வேதியியலும் நம் உடலின் அமைப்புமே. அதைத் தெரிந்துகொண்டால், இத்தகைய வேளையில் உயிர்களைக் காப்பாற்றும் வழியும் நமக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு ஆல்கஹால்கள்

'ஆல்கஹால்' என்பது ஒரே பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் மிகச் சிறியது மெத்தில் ஆல்கஹால், அதாவது மெத்தனால். அதற்கு அடுத்தது எத்தில் ஆல்கஹால், அதாவது எத்தனால். மெத்தனால் மூலக்கூறில் ஒரு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு உள்ளன. எத்தனாலில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்.

இரண்டும் நிறமற்ற திரவங்கள். இரண்டும் தண்ணீருடன் எந்த அளவிலும் கலக்கும். இரண்டும் தீப்பற்றும். மெத்தனால் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸிலும், எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கும். மணத்திலும் சுவையிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் கலந்த நீரை முகர்ந்தோ, நாக்கில் வைத்தோ, கொளுத்திப் பார்த்தோ ஒருவராலும் பிரித்தறிய முடியாது. "கொளுத்தினால் நீலமாக எரிந்தது, ஆகவே நல்ல சரக்கு" என்று சிலர் சொல்வதுண்டு. அது முற்றிலும் தவறு. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

ஒரே ஒரு கார்பன் அணுதான் குறைவு. அதன் விளைவு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கலப்பில்லாத மெத்தனால் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, ஒருவரின் பார்வையைப் பறித்துவிடக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே பறித்துவிடக்கூடும்.

மெத்தனால் எங்கிருந்து வந்தது?

கல்வராயன் மலைப் பகுதி என்றாலே சிலர் சாராய ஊறலைத்தான் நினைக்கிறார்கள். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் நீரில் ஊறப்போட்டு, புளித்தபின் காய்ச்சி வடிப்பது நாட்டுச் சாராயம். இது சட்டப்படி குற்றம், உடல்நலத்துக்கும் கேடு. ஆனால் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புளிக்கச் செய்யும்போது உண்டாவது எத்தனால்தான். மெத்தனால் மிகச் சிறிதளவே உண்டாகும். ஓர் ஊரையே சாய்க்கும் அளவு மெத்தனால் ஊறல் பானையில் தானாகப் பிறப்பதில்லை.

அது வருவது தொழிற்சாலையிலிருந்து. முற்காலத்தில் மரக்கட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கி, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்து மெத்தனால் எடுத்தார்கள். 1661ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் இதனைத் தனியே பிரித்தார். அதனால்தான் இதற்கு 'மரச்சாராயம்' என்ற பெயரும் உண்டு. 1923ஆம் ஆண்டு முதல் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்துப் பேரளவில் தயாரிக்கிறார்கள். ஒட்டுப்பலகைக்கான பசை, வர்ணம், வார்னிஷ், மருந்து, பிளாஸ்டிக் முதலிய தொழில்களுக்கு இது இன்றியமையாதது. ஆகவே இதனை ஒழித்துவிட முடியாது; கணக்கில் வைத்துக் காக்கத்தான் முடியும்.

கணக்கில் வராமல் வெளியே கசிந்த மெத்தனால் சாராய வியாபாரியின் கையில் சிக்கினால் ஆபத்து தொடங்குகிறது. அது மலிவானது; பார்வைக்குச் சாராயம் போலவே இருப்பது. தண்ணீர் சேர்த்துப் பாக்கெட்டில் அடைத்துவிட்டால் குடிப்பவருக்கு என்ன தெரியும்? எவ்வளவு கலந்தோம் என்பது கலந்தவருக்கே தெரியாது. ஒரு பாக்கெட்டில் குறைவாகவும் அடுத்ததில் மிகுதியாகவும் இருக்கலாம். "நேற்றுக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பது இன்றைக்குச் சாட்சியாகாது.

நஞ்சைத் தயாரிப்பது யார்?

இனித்தான் நம் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறோம். கவனமாகப் படியுங்கள்.

மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் உடனே கொல்வதில்லை. இலேசான மயக்கம் தருவதோடு முதலில் அது நின்றுவிடுகிறது. அதைக் கொடிய நஞ்சாக மாற்றுவது நம் உடலேதான்!

நம் கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. எத்தனால் வந்தால் முதல் நொதி அதனை அசிட்டால்டிஹைடாக மாற்றும். இரண்டாவது நொதி அசிட்டிக் அமிலமாக மாற்றும். புளிக்காடியில் (வினிகரில்) உள்ள அமிலம் அது. உடல் அதை எரித்து நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேற்றிவிடும்.

மெத்தனால் வந்தாலும் இதே நொதிகள்தாம் வேலை செய்கின்றன. அரவை மில்லில் எந்தத் தானியத்தைக் கொட்டினாலும் கல் சுற்றி அரைத்துத் தள்ளுகிறது அல்லவா? மாவு எதனுடையது என்று கல் கேட்பதில்லை. அதுபோல முதல் நொதி மெத்தனாலைப் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. உங்கள் பள்ளி உயிரியல் ஆய்வுக்கூடத்தில் தவளையும் பாம்பும் கண்ணாடிக் குடுவைகளில் கெடாமல் இருக்கின்றனவே, அவை மூழ்கியிருக்கும் பார்மலின் என்பது பார்மால்டிஹைடு கரைந்த நீர்தான். இரண்டாவது நொதி அதனைச் சில நிமிடங்களிலேயே பார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. எறும்பு கடித்த இடத்தில் எரிச்சல் உண்டாக்கும் பொருள்களில் இவ்வமிலமும் ஒன்று. 'பார்மிக்கா' என்றால் இலத்தீன் மொழியில் எறும்பு என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர் எறும்புகளை வாலையில் இட்டு வடித்து இந்த அமிலத்தை எடுத்தார்.

இங்கேதான் வேகம் தடைப்படுகிறது. பார்மிக் அமிலத்தை மேலும் சிதைத்து வெளியேற்ற, போலேட் என்னும் பி வகை வைட்டமினின் துணை தேவை. மனிதக் கல்லீரலில் இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு. எனவே இரத்தத்தில் பார்மிக் அமிலம் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகிறது.

எலி பிழைத்தது; மனிதன் பிழைக்கவில்லை

இவ்வுண்மையைக் கண்டுபிடிக்க அறிவியலாருக்கு நெடுங்காலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் மெத்தனால் பெரிய நஞ்சில்லை என்றே பலர் கருதினர். ஏன் தெரியுமா? சோதனை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை எத்தனால் குடித்த விலங்குகளைவிட நன்றாகவே இருந்தன. அக்கால மரச்சாராயம் நாற்றம் மிக்கது. ஆகவே குடிப்பவரும் குறைவு. நாற்றம் நீக்கித் தூய்மைப்படுத்திய மெத்தனால் கடைக்கு வந்தபின் அமெரிக்காவில் மரணங்களும் குருடும் பெருகின. கேசி வுட், பிராங்க் புல்லர் என்னும் இரு கண் மருத்துவர்கள் அத்தகைய நோயாளிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 1904ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அப்படியானால் சோதனை விலங்குகள் ஏன் பிழைத்தன? எலியின் கல்லீரலில் போலேட் மிகுதி. அது பார்மிக் அமிலத்தை விரைவில் எரித்துவிடுகிறது. குரங்கும் மனிதனும் இதில் ஒரே இனம். 1970களில் அமெரிக்காவின் அயோவாவில் டெப்லி, மெக்மார்ட்டின் முதலிய ஆய்வாளர்கள் குரங்குகளைக் கொண்டு, கொல்வது பார்மிக் அமிலமே என்பதை நிலைநாட்டினர். ஓர் உயிரினத்துக்குத் தீங்கற்றது என்பதால் இன்னோர் உயிரினத்துக்கும் தீங்கற்றது என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

கண் ஏன் மங்குகிறது?

நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன என்று படித்திருப்பீர்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தி உணவிலிருந்து ஆற்றலைப் பெறுவது அங்கேதான். அந்த வேலையின் கடைசிப் படியைப் பார்மிக் அமிலம் தடுத்துவிடுகிறது. நுரையீரல் காற்றை இழுக்கிறது. இரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. விறகும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, அடுப்பு மட்டும் எரியவில்லை என்ற நிலை.

ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் உறுப்புகளே இதில் முதலில் வாடும். விழித்திரையும் பார்வை நரம்பும் அத்தகையவை. அதனால்தான் "பனிமூட்டத்தில் நடப்பதுபோல் இருக்கிறது", "எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது" என்று நோயாளிகள் சொல்கிறார்கள். மூளையின் சில பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன. உயிர் பிழைத்தும் பார்வை திரும்பாதவர்கள் உண்டு.

இன்னொரு தீங்கும் சேர்கிறது. நம் இரத்தம் சிறிதளவு காரத்தன்மை உடையது. அதன் பி.எச். மதிப்பு 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலம் சேர்ந்தால் இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அதனைச் சமன்செய்கிறது. ஆனால் பைகார்பனேட் தொட்டித் தண்ணீரைப்போல அளவானது. தொட்டி வற்றியதும் பி.எச். இறங்குகிறது. அமிலத்தைக் குறைக்க உடல் கார்பன் டை ஆக்சைடை வேகமாக வெளியேற்றப் பார்க்கிறது. நோயாளி ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு வாங்குகிறார். பி.எச். 7க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்புவோம். மெத்தனால் மெல்ல மெல்ல மாற வேண்டும். அமிலம் சேர வேண்டும். பைகார்பனேட் தீர வேண்டும். அதன் பிறகே நோய் வெளிப்படும். இதற்கு வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அதே பாக்கெட்டில் எத்தனாலும் இருந்தால் இன்னும் தாமதம் ஆகும். அந்த இடைவேளையில் குடித்தவர் வீட்டுக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். சாதாரணப் போதை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கற்பனையாக ஓர் ஊரில் மணிக்குப் பத்துப் பேர் சாராயம் வாங்குவதாகக் கொள்வோம். நஞ்சு அரை மணி நேரத்தில் வேலை செய்வதாயின், முதல் ஆள் விழுமுன் வாங்கியிருப்பவர் ஐந்து பேர். ஆறாவது ஆள் வாங்கமாட்டார். நஞ்சு 12 மணி நேரம் கழித்து வேலை செய்வதாயின்? 10 × 12 = 120 பேர். 24 மணி நேரமானால் 240 பேர். நஞ்சின் கொடுமை கூடவில்லை. தாமதம் மட்டுமே கூடியது. அதற்கே இத்தனை வேறுபாடு!

இதோடு ஊர்களின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பிய பாக்கெட்டுகள் இரு சக்கர வண்டியில் பக்கத்து ஊருக்கும், அங்கிருந்து அடுத்த ஊருக்கும் போகின்றன. வேலை முடிந்து வரும் கூலியாள் தன் ஊருக்கே வாங்கிப் போவதும் உண்டு. முதல் நோயாளி ஓர் ஊரிலும் இரண்டாம் நோயாளி வேறோர் ஊரிலும் படுக்கும்போது, இருவருக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. ஒருவருக்கு வெயில் தாக்கிவிட்டது என்பார்கள். இன்னொருவருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அதற்குள் மற்றவர்கள் அதே பீப்பாயின் சரக்கைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் ஒரு பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகள் எங்கெங்கே இருந்தன என்று தேடிப் பார்த்தார். அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அவர் கேட்ட கேள்விகள் எளியவை: யாருக்கு, எங்கே, எப்போது? மெத்தனால் விபத்திலும் இதே கேள்விகள்தாம் உதவும். இங்கே குழாய்க்குப் பதில் பீப்பாய்.

தாமதமே வாய்ப்பும் ஆகும்

ஒரு தெருவையே ஏமாற்றுகிற அதே தாமதம், நமக்கு ஒரு வாய்ப்பையும் தருகிறது. மெத்தனால் இன்னும் அமிலமாக மாறாத நேரத்தில் அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் நோயே வராது அல்லவா?

மருத்துவர்கள் செய்வது அதுதான். கல்லீரல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மீது பன்மடங்கு நாட்டம். இரண்டும் ஒன்றாக வந்தால் எத்தனாலையே முதலில் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் வரிசையில் காத்துக் கிடக்கும். ஆகவே மருத்துவமனையில் அளந்து செலுத்தும் எத்தனாலே மெத்தனாலுக்கு மாற்று மருந்தாகிறது. போமெபிசோல் என்னும் மருந்து இன்னும் சிறந்தது. அது போதை தராமலே நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. 2013ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

நொதியை நிறுத்தியபின் மெத்தனால் என்ன ஆகும்? மூச்சிலும் சிறுநீரிலும் மெதுவாக வெளியேறும். பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். கால் பங்காக நான்கு நாள். அவ்வளவு நாள் காத்திருக்க இயலாத நோயாளிக்கு, இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) இயந்திரம் சில மணி நேரத்தில் மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் பிரித்தெடுக்கிறது. சோடியம் பைகார்பனேட்டை நரம்பு வழியே செலுத்தி, வற்றிய தொட்டியை நிரப்புகிறார்கள். போலேட் வகை மருந்தும் தருகிறார்கள். எதற்கு என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். "எத்தனால் மாற்று மருந்து" என்று படித்துவிட்டு, நோயாளிக்கு வீட்டில் மது கொடுப்பது கொலைக்குச் சமம். அந்தப் புட்டியிலும் மெத்தனால் இருக்கலாம். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலில் புகலாம். அளவை இரத்தச் சோதனையின்றி அறிய முடியாது. மோர், புளிக்கரைசல், ஆப்பசோடா முதலியவையும் பயன் தரா; பொன்னான நேரம்தான் வீணாகும்.

மருத்துவமனைக்குப் போனால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் எஸ்தோனியா நாட்டின் பார்னு பகுதியில் மெத்தனால் கலந்த மது விற்கப்பட்டு 68 பேர் இறந்தனர். அவர்களில் 43 பேர் மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர்கள். இரத்தத்தில் மெத்தனால் உறுதிசெய்யப்பட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 111 பேரில் 86 பேர் பிழைத்தனர். அவர்களுள்ளும் 66 பேர் எந்த ஊனமும் இன்றி வீடு திரும்பினர். எத்தனை சீக்கிரம் வருகிறோம் என்பதே இங்கு உயிர்.

எந்த நாட்டுக்கும் வரலாம்

இது ஏதோ ஒரு தெருவின் குறை என்று எண்ணிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் அசாம் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் நச்சுச் சாராயத்தால் 150 பேருக்கு மேல் இறந்தனர். 2020ஆம் ஆண்டில் ஈரான் நாட்டில், சாராயம் குடித்தால் கொரோனா வராது என்ற வதந்தியை நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2022ஆம் ஆண்டு ஜூலையில் குஜராத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர். 2023ஆம் ஆண்டு மே மாதம் நம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர். மரக்காணத்துக்கும் கருணாபுரத்துக்கும் இடையே பதின்மூன்று மாதமே இருந்தது.

கருணாபுரத்துக்குப் பின் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்ற 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மெத்தனால் பீப்பாய்களைக் கணக்கில் வைப்பது அரசின் கடமை, தொழிற்சாலைகளின் கடமை. ஆனால் ஒரு பீப்பாய் தப்பி ஊருக்குள் வந்துவிட்டால், முதல் சில மணி நேரங்களில் அங்கே இருப்பவர்கள் ஊரார்தாம். அவர்களில் நீங்களும் ஒருவர்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவது: அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சாராயம் குடித்த மறுநாளும் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சு வாங்குதல் இருந்தால் அது 'தெளியாத போதை' அன்று. போதை நேரம் ஆக ஆகக் குறையும். மெத்தனால் நோய் நேரம் ஆக ஆகக் கூடும். இந்த ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள்.

இரண்டாவது: உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்க விடாதீர்கள்.

மூன்றாவது: ஒருவர் விழுந்தால் அவரோடு குடித்தவர்களையும் தேடுங்கள். ஒரே பீப்பாயிலிருந்து குடித்தவர்கள் எல்லாரும் நோயாளிகளே. சிலருக்கு நோய் இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். நன்றாக நடமாடுகிறவரைக்கூட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரைக் காப்பாற்றுவதுதான் மிக எளிது. பக்கத்து ஊர் உறவினருக்கும் செய்தி அனுப்புங்கள்.

நான்காவது: மருத்துவரிடம் உண்மையைச் சொல்லச் செய்யுங்கள். எதைக் குடித்தார், எப்போது குடித்தார், எங்கே வாங்கினார் என்ற மூன்றும் தெரிந்தால் மருத்துவர் நேரத்தை வீணாக்காமல் சிகிச்சையைத் தொடங்குவார். வெட்கத்தாலும் போலீசுக்குப் பயந்தும் மறைப்பதால் போன உயிர்கள் பல. மிச்சமுள்ள பாக்கெட்டைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோனால் சோதனைக்கு உதவும்.

உங்கள் வீட்டிலேயே குடிப்பவர் ஒருவர் இருக்கலாம். அதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அவரைத் திருத்துவது உங்கள் ஒருவரால் ஆகக்கூடிய காரியமும் அன்று. ஆனால் இந்தக் கட்டுரையில் படித்ததை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வீட்டில் சொல்லலாம். அரைக்கும் கல்லையும், வற்றும் தொட்டியையும், 10 × 12 = 120 என்ற கணக்கையும் சொல்லுங்கள். படிக்காதவர்களுக்கும் அது புரியும்.

கருணாபுரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் உங்கள் வயதினர். அத்தெருவில் ஜூன் 18ஆம் நாள் இரவு, "நாளை காலைக்குள் எல்லாரும் மருத்துவமனைக்கு வாருங்கள்; நன்றாக இருப்பவரும் வாருங்கள்" என்று சொல்ல ஒருவருக்குத் தெரிந்திருந்தால், பல வீடுகளில் இன்று விளக்கு எரியும். இன்னோர் ஊரில் அப்படி ஓர் இரவு வருமானால், அதைச் சொல்ல உங்களுக்குத் தெரியும்.